மின்கார் இரவில் எங்கே நிற்கும்? ஜெர்மனியரின் தயக்கமும் ஜோகூர்க்காரரின் கணக்கும்

கல்யாண மண்டபத்து வாசலில் ஒரு புதிய மின்கார் வந்து நின்றால் போதும், சுற்றி நாலு பேர் கூடிவிடுகிறார்கள். “ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் போகும்? பேட்டரி போனால் என்ன விலை? நாளைக்கு விற்றால் யார் வாங்குவார்கள்?” என்று கேள்விகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் யாராவது ஒருவர், “இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்” என்று முடித்துவைப்பார். மாசாயிலும் ஸ்கூடாயிலும் குளுவாங்கிலும் இந்தப் பேச்சு இப்போது சாதாரணமாகிவிட்டது.

நம்மவர்கள் பழமைவாதிகள், அதனால்தான் தயங்குகிறார்கள் என்று எண்ண வேண்டாம். காரை உலகத்துக்குக் கொடுத்த ஜெர்மனியர்களும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறார்கள். அவர்கள் எங்கே தயங்கினார்கள், ஏன் தயங்கினார்கள் என்று பார்த்தால், ஒன்பது ஆண்டுக் கடனில் கையெழுத்துப் போடப்போகும் ஜோகூர்க் குடும்பத்துக்கும் சில விஷயங்கள் தெளிவாகும்.

மருந்துக்கடையில் வாங்கிய எரிபொருள்

கார்ல் பென்ஸ் 1886ஆம் ஆண்டில் தமது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். ஆனால் அதை நம்பி வாங்க ஆள் இல்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து தாய்வீடு இருந்த ஃபோர்ட்ஸ்ஹைம் நகருக்கு அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான பயணம். வழியில் எரிபொருள் தீர்ந்தது. பெட்ரோல் நிலையம் என்ற ஒன்றே அப்போது கிடையாது. வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக்கடையில், கறை நீக்குவதற்கு விற்ற ஒரு திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார்.

“வழியில் தீர்ந்துபோனால் என்ன செய்வது?” என்று இன்று மின்காரைப் பற்றி நாம் கேட்பதை அன்று பெட்ரோல் காரைப் பற்றிக் கேட்டார்கள். ஊருக்கு ஊர் நிலையங்கள் வந்த பிறகுதான் அந்தப் பயம் அடங்கியது. இதில் இன்னொரு சுவையான தகவலும் உண்டு. அதே 1888இல் ஆண்ட்ரேயாஸ் ஃப்ளோக்கன் என்ற ஜெர்மனியர் மின்சாரத்தில் ஓடும் வண்டியையும் செய்துவிட்டார். ஆகவே மின்கார் நேற்று முளைத்த சீனச் சரக்கு அல்ல. பெட்ரோல் காரின் வயதுதான் அதற்கும்.

உதவித்தொகை நின்றது, விற்பனை விழுந்தது

ஜெர்மனியில் கார் என்பது வெறும் வாகனமாக இருந்ததில்லை. இயந்திரத்தின் சத்தத்திலும் வேகத்திலும் அவர்களுக்கு ஒரு பெருமை. வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகள் அங்கே இன்றும் இருக்கின்றன. டீசல் இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசலும் ஜெர்மானியர்தான். நம் நாட்டில் ஒரு காலத்தில் ஊர்விட்டு ஊர் போகும் டாக்சிகளாக ஓடிய மெர்சிடிஸ் டீசல் கார்களை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட இயந்திரங்களைச் செய்து பிழைத்த நாட்டுக்கு, இயந்திரமே இல்லாத கார் எளிதில் மனத்துக்கு ஒட்டவில்லை.

அரசாங்கம் பணம் கொடுத்து ஊக்கப்படுத்தியது. 2023ஆம் ஆண்டில் அங்கே 5,24,219 புதிய மின்கார்கள் பதிவாயின. அவ்வாண்டு நவம்பரில் அரசமைப்பு நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பால் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. டிசம்பர் 17ஆம் தேதியோடு உதவித்தொகை விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டன. அதற்கான அறிவிப்பு வந்ததே அதற்கு முந்தின நாள்தான். 2024இல் பதிவு 3,80,609ஆகச் சரிந்தது. நூற்றுக்கு 27க்கும் மேல் வீழ்ச்சி. விலை குறைந்த மாடல்கள் வந்து, ஐரோப்பிய ஒன்றியத்தின் புகை விதிகளும் இறுகிய பிறகு, 2025இல் விற்பனை மீண்டும் ஐந்து லட்சத்தைத் தாண்டியது.

இந்த ஏற்ற இறக்கம் சொல்வது ஒன்றுதான். காற்று மாசு, பூமி வெப்பம் என்று என்னதான் பேசினாலும், சாதாரணக் குடும்பம் கையில் உள்ள காசைப் பார்த்துத்தான் கார் வாங்குகிறது. ஜெர்மனியிலும் அப்படித்தான், ஜோகூரிலும் அப்படித்தான்.

முகம் இல்லாத கார், பொத்தான் இல்லாத கார்

பணத்துக்கு அடுத்தபடியாக ஜெர்மனியர்கள் வாதாடியது காரின் தோற்றத்தைப் பற்றி. மின்காருக்கு முன்பக்கம் பெரிய இயந்திரம் இல்லை. அதைக் குளிர்விக்கப் பெரிய கம்பிவலை முகப்பும் தேவையில்லை. ஆகவே எந்த வடிவத்திலும் செய்யலாம் என்று வடிவமைப்பாளர்கள் துணிந்தார்கள்.

பி.எம்.டபிள்யூ. 2013இல் ஐ3 என்ற சிறிய காரை வெளியிட்டது. கரியிழையால் ஆன உடல், உயரமான உருவம், பின்பக்கமாகத் திறக்கும் பின்கதவுகள் என்று எல்லாமே புதுமை. பார்த்தவர்கள் வியந்தார்கள், ஆனால் வாங்கியவர்கள் குறைவு. 2022இல் உற்பத்தி நிற்கும்வரை சுமார் இரண்டரை லட்சம் கார்களே வெளிவந்தன.

மெர்சிடிஸ் 2021இல் இ.கியூ.எஸ். காரைக் கொண்டுவந்தது. முன்னிருந்து பின்வரை ஒரே வில்லாக வளைந்த வடிவம். காற்றைக் கிழித்துப் போவதில் அது கெட்டிக்கார வண்டி. காற்றுத்தடை குறைந்தால் ஒரே சார்ஜில் அதிக தூரம் போகலாம் என்பது அதன் காரணம். இந்த மாடல் நம் பஹாங் மாநிலத்தின் பெக்கானிலும் பொருத்தப்பட்டது. ஆனால் மெர்சிடிஸ் வாங்குபவருக்கு நீண்ட முன்பக்கமும் நிமிர்ந்த முகப்பும்தான் மெர்சிடிஸ். “சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறதே” என்று முகம் சுளித்தார்கள். 2025 செப்டம்பரில் மியூனிக் கண்காட்சியில் அந்நிறுவனம் காட்டிய புதிய மின்சார ஜி.எல்.சி. காரில் பெரிய முகப்பு திரும்ப வந்துவிட்டது. அந்த முகப்பு அவ்வளவு பெரிதாக இருக்க வேண்டிய தேவை இயந்திரத்துக்கு இல்லை. பார்ப்பவர் கண்ணுக்காக வைத்தது அது.

மக்கள் காரான வோக்ஸ்வேகனின் கதைதான் நமக்கு அதிகம் பயன்படும். 2020இல் வந்த ஐடி.3 காரில் வழக்கமான பொத்தான்களைப் பெருமளவு எடுத்துவிட்டார்கள். பாட்டின் சத்தத்தைக் கூட்டுவதற்கும் குளிரைக் குறைப்பதற்கும் விரலால் தேய்க்கும் பட்டைகள் வந்தன. இரவில் அவற்றில் வெளிச்சமும் இல்லை. சாலையைப் பார்த்து ஓட்டுகிறவர் இருட்டில் தடவிக்கொண்டிருக்க முடியுமா? புகார்கள் குவிந்தன. அடிக்கடி தேவைப்படும் முக்கியமான வேலைகளுக்கு இனி உண்மையான பொத்தான்கள் இருக்கும் என்று, நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர் ஆண்ட்ரேயாஸ் மிண்ட் 2025இல் வெளிப்படையாகவே சொன்னார். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் வழங்கும் யூரோ என்கேப் அமைப்பும் 2026 முதல், திருப்பு விளக்கு, ஹாரன், மழைத்துடைப்பான், அபாய விளக்கு போன்றவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்பு கோலோ இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் கொடுக்கிறது.

காட்சியகத்தில் பெரிய திரையைக் கண்டு மயங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். ஓட்டிப் பார்க்கும்போது, கண்ணைச் சாலையில் வைத்தபடி துடைப்பானையும் கண்ணாடிப் பனியை நீக்கும் காற்றையும் இயக்க முடிகிறதா என்று பாருங்கள். யோங் பெங் பக்கம் அடைமழையில் மாட்டிக்கொள்ளும்போது அந்த அருமை தெரியும். மின்சாரக் கைப்பிடி வேலை செய்யாவிட்டால் கதவை உள்ளிருந்து கையால் திறக்கும் வழி எங்கே இருக்கிறது, பின்னிருக்கைக்கும் அது உண்டா என்றும் கேளுங்கள்.

நம் நாட்டில் வந்திருப்பவை

மலேசியாவில் மின்கார்களுக்கு வரிச் சலுகை 2022இல் தொடங்கியது. முழுமையாக இறக்குமதியாகும் கார்களுக்கான சலுகை 2025 டிசம்பர் 31ஆம் தேதி முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படுபவற்றுக்கு 2027 முடியும்வரை உண்டு. சாலை வரி விலக்கும் 2025ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. இப்போது மோட்டாரின் கிலோவாட் அளவைப் பார்த்து சாலை வரி விதிக்கப்படுகிறது. சிறிய மோட்டாருக்கு அது பெரிய சுமை அல்ல.

சலுகைக் காலத்தில் இறக்குமதி மின்கார் ஒரு லட்சம் ரிங்கிட்டுக்குக் கீழே விற்கக்கூடாது என்றொரு நிபந்தனை இருந்தது. அதனால் மின்கார் என்றாலே பணக்காரர் வண்டி என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. 2024 டிசம்பரில் புரோட்டோன் இ.மாஸ் 7 வந்தபோதும் தொடக்க விலை ஒரு லட்சத்தைத் தாண்டியே இருந்தது. ‘எமாஸ்’ என்றால் மலாயில் தங்கம் என்பது வாசகர்கள் அறிந்ததே. அது சீனாவின் ஜீலி நிறுவனத்தின் கார் ஒன்றை அடிப்படையாகக் கொண்டது. 1985இல் வந்த முதல் சாகா, மிட்சுபிஷி காரை அடிப்படையாகக் கொண்டு பிறந்ததை நினைத்தால் இதில் வியப்பு இல்லை.

நிலைமையை மாற்றியது அடுத்து வந்தவை. 2025 அக்டோபர் இறுதியில் இ.மாஸ் 5 சிறிய கார், அறிமுகச் சலுகையோடு 56,800 ரிங்கிட்டில் தொடங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் பெரோடுவாவின் கியூவி-இ 80,000 ரிங்கிட்டுக்கு வந்தது. ஆனால் இந்த விலையில் பேட்டரி சேராது. பேட்டரிக்கு மாதம் 275 ரிங்கிட் வாடகை, ஒன்பது ஆண்டுகளுக்கு. கூட்டினால் 29,700 ரிங்கிட். விளம்பரத்தில் உள்ள விலையை மட்டும் பார்த்துப் பிற கார்களோடு ஒப்பிடுவது தவறான கணக்காகிவிடும்.

எங்கே சார்ஜ் போடுகிறீர்கள் என்பதே விலை

மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சிறிய பெட்ரோல் கார் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் குடிப்பதாக வைத்தால், மாதத்துக்கு 72 லிட்டர். 2025 செப்டம்பர் இறுதியில் தொடங்கிய பூடி95 திட்டத்தின் விலையான லிட்டர் 1.99 ரிங்கிட்டில் கணக்கிட்டால் ஏறக்குறைய 143 ரிங்கிட் ஆகும்.

மின்கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் எடுத்துக்கொள்வதாக வைப்போம். மாதத்துக்கு 180 யூனிட். 2025 ஜூலையில் நடப்புக்கு வந்த கட்டண முறையில், வீட்டு மின்சாரம் எல்லாப் பிரிவும் சேர்த்து யூனிட்டுக்குச் சுமார் 44 சென். அப்படியானால் வீட்டில் சார்ஜ் போடுபவருக்குச் செலவு ஏறக்குறைய 80 ரிங்கிட். வீட்டின் மொத்தப் பயன்பாடு 600 யூனிட்டைத் தாண்டினால் கூடுதல் கட்டணமும் வரியும் சேரும் என்பதையும் கவனிக்க வேண்டும். குளிர்சாதனம் ஓடும் வீடுகள் அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும்.

இப்போது மூன்றாவது கணக்கு. வீட்டில் வசதி இல்லாமல், வெளியே உள்ள விரைவு நிலையங்களை மட்டும் நம்புபவர் யூனிட்டுக்கு ஒரு ரிங்கிட்டுக்கு மேல் கொடுக்க வேண்டிவரும். 1.20 ரிங்கிட் என்று வைத்தாலும் மாதம் 216 ரிங்கிட். அதாவது, அதே மின்கார் வீட்டுச் சுவரில் சார்ஜ் போடுபவருக்கு மாதம் அறுபது ரிங்கிட்டுக்கு மேல் மிச்சப்படுத்துகிறது. வெளியே போடுபவருக்குப் பெட்ரோலைவிட எழுபது ரிங்கிட்டுக்கு மேல் கூடுதல் செலவு வைக்கிறது. பெட்ரோல் மானியம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். ஆனால் வீட்டுக்கும் வெளிக்கும் உள்ள இடைவெளி அப்படியே இருக்கும்.

ஆகவே, “மின்கார் நல்லதா?” என்று கேட்பதற்கு முன், “என் கார் இரவில் எங்கே நிற்கிறது?” என்று கேட்க வேண்டும்.

விளக்குக் கம்பத்தடி வண்டிகள்

ஜெர்மன் மொழியில் ‘லாட்டர்னன்பார்க்கர்’ என்று ஒரு சொல் உண்டு. சொந்தக் கொட்டகை இல்லாமல், தெருவிளக்குக்குக் கீழே காரை நிறுத்துபவர் என்று பொருள். ஜெர்மானியக் குடும்பங்களில் பாதிக்கும் மேல் வாடகை வீட்டில் வாழ்வதால் அப்படிப்பட்டவர்கள் ஏராளம். மின்காரைப் பற்றிய அவர்களது தயக்கத்தின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

இதற்கு அவர்கள் சட்டத்தால் ஒரு வழி செய்தார்கள். 2020 டிசம்பர் முதல், அடுக்குமாடியில் வீடு வைத்திருப்பவரும் வாடகைக்கு இருப்பவரும் தம் நிறுத்துமிடத்தில் மின்னேற்றக் கருவி பொருத்த அனுமதி கோரலாம். தகுந்த காரணம் இல்லாமல் மறுக்க முடியாது. பொதுவாகச் செலவைக் கேட்பவர் ஏற்க வேண்டும். வாசலில் சொந்த இடம் இல்லாத தெருவோரக்காரருக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்றாலும், அடுக்குமாடிக்காரர்களுக்கு ஒரு கதவு திறந்தது.

நம் நிலைமையைப் பாருங்கள். தாமானில் தரைவீடும் வாசலில் நிறுத்துமிடமும் உள்ளவருக்குச் சிக்கல் குறைவு. தகுதிபெற்ற மின்பணியாளரைக் கொண்டு வீட்டின் வயரிங்கைச் சோதித்து, 7 கிலோவாட் சுவர்க் கருவியைப் பொருத்திக்கொண்டால், மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய 140 கிலோமீட்டருக்கான மின்சாரம் ஏறிவிடும். பழைய வீடு என்றால் வயரிங்கை மாற்றும் செலவையும் கார் விலையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நீட்டிப்பு வயரை இழுத்து ஒப்பேற்றுவது தீயை விலைக்கு வாங்குவதற்குச் சமம்.

பிளாட்டிலும் அடுக்குமாடியிலும் இருப்பவர் கூட்டு நிர்வாக அமைப்பின் அனுமதி பெற வேண்டும். மின்னேற்ற நிறுத்துமிடங்களுக்கான திட்டமிடல் வழிகாட்டி ஒன்று 2023இல் வெளியானது. ஆனால் வழிகாட்டி வேறு, குடியிருப்பவரின் உரிமை வேறு. நான்காவது மாடியில் வீடு, கார் தெருவோரத்தில் என்று வாழும் குடும்பத்துக்கு இன்று சொந்த மின்னேற்றம் என்பது எட்டாத பொருள்தான்.

தோட்டத்தில் இருப்பவர்களின் நிலை இன்னும் வேறு. வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம். சுவரில் ஆணி அடிப்பதற்கே கேட்க வேண்டிய இடத்தில், தனி மின்இணைப்பை யாரிடம் கேட்பது? வேலை முடிந்தால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர், சொந்தப் பணத்தில் கருவியைப் பொருத்துவாரா? பக்கத்துச் சிற்றூரில் பொது மின்னேற்ற நிலையம் இருந்தால் பரவாயில்லை. 2025 முடிவதற்குள் நாடு முழுவதும் 10,000 பொது நிலையங்கள் என்ற அரசாங்க இலக்கு எட்டப்படவில்லை. அமைக்கப்பட்டவையும் பெரும்பாலும் நகரங்களையும் பேரங்காடிகளையும் நெடுஞ்சாலையையும் ஒட்டியே இருக்கின்றன.

கோலாலம்பூருக்குப் போக முடியுமா?

போகலாம், திட்டத்தோடு. ஜோகூர்பாருவிலிருந்து கோலாலம்பூர் சுமார் 330 கிலோமீட்டர். இ.மாஸ் 5இன் விலை குறைந்த ரகம் ஒரு முழு சார்ஜுக்கு 225 கிலோமீட்டரும், விலை கூடியது 325 கிலோமீட்டரும் போகும் என்று டபிள்யூ.எல்.டி.பி. சோதனை முறை காட்டுகிறது. அந்தச் சோதனையில் நகர ஓட்டமும் கலந்திருக்கும். நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகத்தில், நாலு பேரும் மூட்டை முடிச்சும் ஏறி, குளிர்சாதனமும் ஓடினால் தூரம் குறையும். வழியில் ஒருமுறையாவது நிறுத்த வேண்டும். பெரோடுவா சொல்லும் 445 கிலோமீட்டர், என்.இ.டி.சி. என்ற பழைய, தாராளமான அளவுமுறையில் சொல்லப்பட்டது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

இந்தச் சாலையில் ஜோகூருக்கு ஒரு சிறப்பும் உண்டு. வடக்கு நோக்கிச் செல்லும் வழியில் தங்காக் ஷெல் நிலையத்தில் 180 கிலோவாட் விரைவு மின்னேற்றம் அமைந்தபோது, அதற்குக் கைகொடுத்தது ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம். தன் காரை விற்க வேண்டுமென்றால் முதலில் சாலையில் மின்சாரம் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சாதாரண நாளில் சிக்கல் இருக்காது. தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போது, வரிசையில் நிற்க நேரம் ஒதுக்கியே புறப்பட வேண்டும்.

கையெழுத்துக்கு முன்

வாங்க நினைப்பவர்கள் நான்கைந்து விஷயங்களைத் தாளில் எழுதிப் பார்ப்பது நல்லது. இரவில் கார் நிற்கும் இடத்தில் பாதுகாப்பான மின்இணைப்பு கிடைக்குமா? மாதம் எவ்வளவு தூரம் ஓடுகிறோம்? பேட்டரி உத்தரவாதம் எத்தனை ஆண்டு? பொதுவாக எட்டு ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் தருகிறார்கள். கடனோ ஒன்பது ஆண்டுவரை போகும். அந்தக் கடைசி ஆண்டில் என்ன நடக்கும் என்று விற்பனையாளரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். காப்புறுதிக்கும் தனியே விலை கேளுங்கள். பக்கத்தில் மின்கார் பழுதுபார்க்கத் தெரிந்த பட்டறை எங்கே என்பதும் முக்கியம். உயர் மின்னழுத்த வேலை, பயிற்சி இல்லாதவர் கைவைக்கும் வேலை அல்ல. பட்டறை வைத்திருக்கும் நம்மவர்களும், வேலை தேடும் நம் பிள்ளைகளும் இந்தப் பயிற்சியை இப்போதே பெற்றால் வரும் ஆண்டுகளில் அது பிழைப்புக்கு உதவும்.

அக்கரையில் சிங்கப்பூர், 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும் என்று முடிவு செய்துவிட்டது. அந்த மாற்றம் பாலத்தைக் கடந்து இங்கும் வரும். வரும்போது தரைவீட்டுக்காரருக்கு மலிவாகவும், பிளாட்டிலும் தோட்டத்திலும் இருப்பவருக்குச் செலவாகவும் வந்து சேர்ந்தால், ஏற்கெனவே குறைவாகச் சம்பாதிப்பவரே ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதிகம் கொடுப்பார். குடியிருப்புக் கூட்டங்களிலும், சட்டமன்ற உறுப்பினர் வரும் நிகழ்வுகளிலும், தொழிற்சங்கப் பேச்சுகளிலும் கேட்க வேண்டிய கேள்வி இது: எங்கள் பிளாட்டுக்குக் கீழே, எங்கள் தோட்டத்து வாசலில், நியாயமான விலையில் மின்னேற்ற வசதி எப்போது வரும்?

அதுவரை, வீட்டில் வசதி உள்ளவர் கணக்குப் போட்டுத் துணியலாம். இல்லாதவர் காத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.